புத்தக அட்டையில் இருக்கும் வகுப்பு எண்ணை நம்பி வாங்கலாமா? வீட்டுக் கல்வி: வாசகர் கேள்வி – பதில்

கிறிஸ்தவ ஹோம்ஸ்கூல் பாடத்திட்டங்களைப் பற்றி அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களிடமிருந்தும், தமிழ்நாட்டிலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். எழுதியவர்களின் பெயரை வெளியிடவில்லை.

கேள்வி: மகளுக்கு ஒன்பது வயது. பள்ளியிலிருந்து நிறுத்தி, அபேக்கா என்ற கிறிஸ்தவப் பாடத்திட்டத்தின் நான்காம் கிரேடு முழு செட்டையும் வாங்கினோம். சபையில் எல்லாரும் அதைத்தான் சிபாரிசு செய்தார்கள். வேதபாடமும் ரீடிங்கும் நன்றாகப் போகிறது. கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலே அழுகை. ஒரு பாடத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. செட்டையே மாற்றிவிடலாமா? – ஒரு தாய், டல்லஸ்

பதில்: சகோதரி, செட்டை மாற்ற வேண்டாம். கணக்கை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். ரீடிங் சரியாகப் போகும் பிள்ளைக்குக் கணக்கில் மட்டும் அழுகை வருகிறதென்றால், பாடத்திட்டம் மோசம் என்றோ பிள்ளைக்கு மூளை போதாது என்றோ அர்த்தமில்லை. நான்கு என்ற எண் அவளுக்கு ரீடிங்கில் பொருந்துகிறது, கணக்கில் பொருந்தவில்லை, அவ்வளவுதான். முழு செட்டாக வாங்கும்போது இந்தச் சிக்கல் வருவது சகஜம். எல்லாப் பாடத்திலும் ஒரே வகுப்பில் நிற்கும் பிள்ளை அபூர்வம்.

முதலில் அவள் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு மூன்று காலை வேளைகளை ஒதுக்குங்கள். முதல் நாள் கணக்கு, அடுத்த நாள் வாசிப்பு, மூன்றாம் நாள் எழுத்து. ஒரு நாளைக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பாடப்புத்தகம் வெளியிடும் கிறிஸ்டியன் லைட், மேத்-யூ-சீ, சாக்சன் எல்லாரும், எந்த வகுப்பில் தொடங்கலாம் என்று காட்டும் ப்ளேஸ்மென்ட் டெஸ்டை இலவசமாகவே தருகிறார்கள். நீங்கள் அவர்களுடைய புத்தகத்தை வாங்காவிட்டாலும் டெஸ்டைப் பயன்படுத்தலாம். ஒரு வகுப்பு கீழே, அதாவது மூன்றாம் கிரேடு டெஸ்டிலிருந்து ஆரம்பியுங்கள். சுலபமான தாளில் தொடங்கும் பிள்ளை பயப்படாமல் எழுதும். நேரக் கட்டுப்பாடு வைக்காதீர்கள். ஆனால் எத்தனை மணிக்கு ஆரம்பித்தாள், எத்தனை மணிக்கு முடித்தாள் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ‘அது என்னம்மா, யோசிச்சுப் பாரு’ என்று சொன்னால்கூட டெஸ்ட் கெட்டுவிடும்.

எண்பது சதவீதத்துக்கு மேல் வந்தால் அந்த வகுப்பு அவளுக்குத் தெரியும், அடுத்த வகுப்பின் தாளைக் கொடுங்கள். எண்பதுக்குக் கீழே இறங்கும் இடம்தான் அவள் தொடங்க வேண்டிய இடம். மதிப்பெண்ணோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள், தவறின் சாயலைப் பாருங்கள். 402-இலிருந்து 178-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். சரியான விடை 224. அவள் 376 என்று எழுதினால், ஒவ்வொரு பத்தியிலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறாள். கடன் வாங்குவது என்றால் என்னவென்றே மனதில் பதியவில்லை. இவளுக்கு மூன்றாம் கிரேடின் அந்தப் பகுதியை முதலிலிருந்து, குச்சியோ பத்துக்கட்டுகளோ வைத்து, சொல்லிக்கொடுக்க வேண்டும். 234 என்று எழுதினால் கடன் வாங்கத் தெரிகிறது, நடுவில் பூஜ்யம் வந்தால் மட்டும் தடுமாறுகிறாள். பத்தாக மாறிய பூஜ்யம் ஒன்றைக் கொடுத்த பிறகு ஒன்பதாக வேண்டும் என்பதை விட்டுவிட்டாள். இதற்கு இரண்டு மூன்று நாள் போதும். 224 என்றே எழுதி, ஆனால் அந்த ஒரு கணக்குக்கு விரல் விட்டு ஐந்து நிமிடம் எடுத்திருந்தால், அவளுக்கு முறை தெரியும், கூட்டல் கழித்தல் அடிப்படை மனப்பாடமாகவில்லை. மதிப்பெண் தாளில் முதல் இரண்டும் வெறும் தவறு, மூன்றாவது சரி என்றுதான் தெரியும், வைத்தியம் மூன்றுக்கும் வேறு.

மூன்றாவது வகைப் பிள்ளைக்குத்தான் அபேக்கா கணக்கு மிகவும் சிரமம் தரும். அது வேகமாகப் போகும், நேரம் வைத்துச் செய்யும் ஸ்பீட் டிரில் உண்டு, ஒரே பக்கத்தில் ஏழெட்டு வகைக் கணக்குகள் கலந்து வரும். அடிப்படை விரல் நுனியில் இருந்தால் அந்தப் பக்கம் இருபத்தைந்து நிமிட வேலை. விரல் விட்டு எண்ணினால் உங்கள் வீட்டில் நடப்பதுபோல ஒன்றரை மணி நேரம். இப்படி இருந்தால் புத்தகத்தை மூன்று வாரம் மூடி வையுங்கள். தினமும் பத்துப் பத்து நிமிடமாக இரண்டு வேளை, கூட்டல் அட்டைகளும் வாய்ப்பாடும் மட்டும். பிறகு திறக்கும்போது ஒரு பக்கத்தில் ஒற்றைப்படை எண் கணக்குகளை மட்டும் செய்யச் சொல்லுங்கள். அபேக்கா அடிப்படையில் வகுப்பறைக்காக எழுதப்பட்டது. முப்பது பிள்ளைகள் இருக்கும் அறையில் வேகமாக முடித்தவர்களைச் சும்மா விடக்கூடாது என்பதற்கும் சேர்த்துத்தான் அத்தனை கணக்குகள். வீட்டில் எல்லாவற்றையும் செய்து முடித்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சட்டம் என்றதும் இன்னொன்று. ‘நான்காம் கிரேடு பிள்ளை மூன்றாம் கிரேடு புத்தகம் படித்தால் அரசு கேட்குமே’ என்ற பயம் டெக்சாஸில் வேண்டாம். லீப்பர் வழக்கில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1994-ல் தந்த தீர்ப்பின்படி உங்கள் வீடு ஒரு தனியார் பள்ளிக்குச் சமம். வாசிப்பு, ஸ்பெல்லிங், இலக்கணம், கணக்கு, நற்குடிமை ஆகியவற்றை எழுத்து வடிவப் பாடத்திட்டம் வைத்து நேர்மையாகச் சொல்லிக்கொடுத்தால் போதும். அட்டையில் என்ன எண் இருக்கிறது என்று யாரும் பார்க்கப்போவதில்லை. மகள் பார்ப்பாள். அவளுக்கு அது அவமானமாக இருந்தால் அட்டையின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டிவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் கலந்து வரும் பக்கங்கள் அவளைக் குழப்பினால், அப்போது புத்தகத்தை மாற்றலாம். கணக்குப் புத்தகங்கள் இரண்டு வகை. எல்லாத் தலைப்புகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் திரும்பத் தருபவை ஒரு வகை: அபேக்கா, கிறிஸ்டியன் லைட், சாக்சன். ஒரு தலைப்பை முழுவதும் முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போவது இன்னொரு வகை: மேத்-யூ-சீ அதில் முக்கியமானது. படித்ததை ஒரு வாரத்தில் மறக்கும் பிள்ளைக்கு முதல் வகை. ஒரு பக்கத்தில் நிறைய விஷயங்களைக் கண்டால் மிரளும் பிள்ளைக்கு இரண்டாவது. மேத்-யூ-சீயில் வகுப்பு எண்ணே கிடையாது, கிரேக்க எழுத்துகள்தான்: ஆல்ஃபா என்றால் ஒற்றை இலக்கக் கூட்டல் கழித்தல், பீட்டா பெரிய எண்களின் கூட்டல் கழித்தல், காமா பெருக்கல், டெல்டா வகுத்தல், எப்சிலான் பின்னம், ஸீட்டா தசமம். உங்கள் மகளின் தவறு 376 என்றால் அவள் இடம் பீட்டா. அந்தக் காகிதத்தை ஒட்டும் வேலைகூட மிச்சம்.

கேள்வி: பையனுக்கு எட்டு வயதாகியும் இங்கிலீஷ் வாசிக்க வரவில்லை. வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், அதனால்தான் என்று மாமியார் சொல்கிறார். ஏ.சி.ஈ. (ஆக்சிலரேட்டட் கிறிஸ்டியன் எஜுகேஷன்) பாடத்திட்டத்தின் பேஸ் புத்தகங்கள் வைத்திருக்கிறோம், தானே படித்துச் செய்ய வேண்டியவை. ஒரு வரியைக்கூடத் தானாகப் படிக்க மாட்டேன் என்கிறான். வேதவசனங்களோடு, எழுத்தொலி வழியே வாசிக்கக் கற்றுத்தரும் நல்ல ஃபோனிக்ஸ் புத்தகம் எது? – சார்லட், நார்த் கரோலினா

பதில்: தமிழ் பேசுவதால் வாசிப்பு வராமல் போகாது. கண், காது இரண்டையும் டாக்டரிடம் காட்டியாகிவிட்டதா? அது முதலில். பிறகு வீட்டிலேயே இரண்டு சோதனை செய்து பாருங்கள்.

ஒன்று, எழுத்தே இல்லாமல், தமிழில். ‘மரம்’ என்று சொல்லுங்கள். அதில் ‘ம’வை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? ‘ரம்’ என்று சொல்கிறானா? ‘பாட்டு’க்கு ஒத்து ஒலிக்கும் இன்னொரு சொல் கேளுங்கள். எட்டு வயதுப் பிள்ளை விளையாட்டாகவே இதைச் செய்யும். தாய்மொழியிலேயே ஒலியைப் பிரிக்கத் தடுமாறினால் காரணம் இங்கிலீஷ் அல்ல. இரண்டு, ‘மிப்’, ‘டோஃப்’, ‘ஸ்ட்ரெக்’ மாதிரி பொருளே இல்லாத பத்துச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டுங்கள். தெரிந்த சொற்களைப் படமாக மனப்பாடம் செய்து சமாளிக்கும் பிள்ளை இங்கே மாட்டிக்கொள்ளும். இரண்டிலும் தடுமாற்றம் இருந்தால் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். உங்கள் பகுதிப் பள்ளி மாவட்டத்துக்கு எழுத்து மூலமாக மதிப்பீடு கேளுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கும் மத்திய சிறப்புக் கல்விச் சட்டத்தின்படி அந்தப் பரிசோதனையைக் கட்டணமில்லாமல் கேட்கலாம். அதற்குப் பின் கிடைக்கும் உதவி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வாயால் கேட்டால் போதாது, தேதியிட்ட கடிதமோ மின்னஞ்சலோ வேண்டும்.

இப்போது புத்தகம். இவனுக்கு பேஸ் சரிப்படாது. தானே படித்து, தானே எழுதி, தானே திருத்தும் முறை அது. லைஃப்பேக் என்ற இன்னொரு புத்தக வரிசையும் அப்படித்தான். இவற்றில் அறிவியல், சரித்திரம், வேதபாடம் எல்லாமே வாசிப்புப் பாடம்தான். வாசிக்க வராத பிள்ளை எல்லாப் பாடத்திலும் ஒரே நேரத்தில் தோற்கும். அவனுக்கு அறிவியல் வராது என்று நீங்கள் முடிவுகட்டுவீர்கள், அவனுக்கு வராதது அந்தப் பக்கத்தை வாசிப்பது மட்டுமே. அந்தப் பாடங்களுக்கு, பெற்றோர் சத்தமாக வாசித்துக் காட்டிப் பிள்ளை திருப்பிச் சொல்லும் பாடத்திட்டங்கள் இருக்கின்றன. சன்லைட், மை ஃபாதர்ஸ் வேர்ல்டு இரண்டும் அந்த ரகம். வயதுக்கேற்ற அறிவு காது வழியாகப் போகட்டும், வாசிப்புப் பயிற்சி தனியே நடக்கட்டும்.

ஃபோனிக்ஸில், பரிசோதனை முடிவு டிஸ்லெக்சியா இல்லை என்று வந்தால் அபேக்காவின் ஏணி முறையை முயலலாம். ஒரு மெய்யோடு ஐந்து உயிரொலிகளையும் ஒட்டி ஏணிப்படி போல வாசிக்கவைத்து, பிறகு கடைசி எழுத்தைச் சேர்ப்பார்கள். உயிர்மெய் வரிசை படித்த தமிழ்ப் பிள்ளைக்கு அது பழகிய வழி. டிஸ்லெக்சியா என்று வந்தால் எழுத்தையும் ஒலியையும் படிப்படியாகக் கற்பிக்கும் ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் முறையில் எழுதப்பட்ட பார்ட்டன் அல்லது ஆல் அபவுட் ரீடிங் வாங்குங்கள். இரண்டிலும் வேதவசனம் இருக்காது. இருக்கவேண்டியதில்லை. வேதாகமத்தை அவன் உங்கள் குடும்ப ஜெபத்தில் கேட்கிறான். வாசிப்புப் புத்தகத்தின் வேலை வாசிக்கக் கற்றுக்கொடுப்பது, அந்த வேலையை ஒழுங்காகச் செய்யும் புத்தகம் போதும். பார்ட்டனில் தொடங்கும் முன் பிள்ளைக்கு ஒரு ஸ்க்ரீனிங் உண்டு, சொல்லிக்கொடுப்பவருக்கும் ஒன்று உண்டு. இரண்டையும் செய்யுங்கள். ஆங்கிலக் குறில் ஒலிகளை நாம் உச்சரிக்கும் விதத்துக்கும் அவர்கள் எதிர்பார்ப்பதற்கும் இடைவெளி இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

நாள் ஒன்றுக்கு இருபது நிமிடம், வாரம் ஐந்து நாள். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காரவைத்துச் சரிக்கட்ட முடியாது.

உங்கள் மாநிலத்தில் வருடா வருடம் தேசிய அளவிலான தரப்படுத்தப்பட்ட தேர்வு ஒன்றை எழுதவைக்க வேண்டும் அல்லவா, ஸ்டான்ஃபோர்டு 10 தேர்வில் நேரக் கட்டுப்பாடு இல்லை. மெதுவாக வாசிக்கும் பிள்ளைக்கு அது நல்லது. முடிவை அரசுக்கு அனுப்ப வேண்டாம், ஒரு வருடம் வீட்டில் பத்திரமாக வைத்திருந்து கேட்டால் காட்ட வேண்டும். முந்தைய பதிலில் சொன்ன மேத்-யூ-சீயை நீங்கள் வைத்திருந்தால் ஓர் எச்சரிக்கை: பின்னம் எப்சிலானில்தான் முறையாக வருகிறது, ஆனால் தேர்வில் மூன்றாம் கிரேடிலேயே கேட்பார்கள். மதிப்பெண் சறுக்குவது பிள்ளையின் குறை அல்ல. தேர்வுக்கு முன் இரண்டு வாரம் பின்னத்தைத் தொட்டுக் காட்டிவிடுங்கள்.

கேள்வி: ஏழு வயது மகன், பெருக்கல் வகுத்தல் எல்லாம் போடுகிறான். எழுதச் சொன்னால் மூன்று வரிக்கு மேல் எழுத மாட்டான். நான்காம் கிரேடு செட்டாகவே வாங்கிவிடலாமா? – எடிசன், நியூ ஜெர்சி

பதில்: செட்டாக வேண்டாம். கணக்கில் நான்காவது, எழுத்தில் முதலாவது என்று பிள்ளை இருந்தால் புத்தகமும் அப்படியே பிரிந்துதான் இருக்க வேண்டும்.

கணக்கில் ஒவ்வொரு அத்தியாயத்தையும் அதன் கடைசியில் இருக்கும் தேர்விலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு அத்தியாயத்தின் இறுதித் தேர்வையும் பாடம் நடத்துவதற்கு முன்பே கொடுங்கள். தொண்ணூறுக்கு மேல் வந்தால் அத்தியாயத்தைத் தாண்டிவிடலாம். எண்பதுகளில் வந்தால் தவறிய வகைக் கணக்குகளை மட்டும் செய்துவிட்டுத் தாண்டலாம். அதற்கும் கீழே என்றால் உட்கார்ந்து நடத்துங்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளின் பெற்றோர் செய்யும் தவறு, ‘இவனுக்கு எல்லாம் தெரியும்’ என்று ஒரு வருடப் புத்தகத்தை முழுதாக விட்டுவிடுவது. அளவைகள், கடிகாரம், ஓரளவு வடிவியல் எல்லாம் அந்தப் புத்தகத்தில் ஒளிந்திருக்கும். பிறகு ஆறாம் கிரேடில் அந்த ஓட்டை தெரியவரும்.

சாக்சன் வாங்கினால் எண்ணைக் கவனியுங்கள். அட்டையில் 5/4 என்று இருந்தால் சராசரி ஐந்தாம் கிரேடு பிள்ளைக்கு, அல்லது வேகமான நான்காம் கிரேடு பிள்ளைக்கு என்று பொருள். அதற்கு மேல் 6/5, 7/6 என்று போகும். ஆனால் அதில் பிள்ளை கணக்கைப் புத்தகத்திலிருந்து நோட்டில் பார்த்து எழுத வேண்டும். உங்கள் மகனின் சிக்கலே எழுத்தில்தான். தினம் முப்பது கணக்கைப் பார்த்து எழுதச் சொன்னால், பிடித்த பாடத்தையும் வெறுத்துவிடுவான். கணக்கை நீங்கள் பலகையில் எழுதிவிடுங்கள், விடையை அவன் வாயால் சொல்லட்டும். அல்லது, கிறிஸ்டியன் லைட்டின் லைட்யூனிட் மாதிரி, புத்தகத்திலேயே விடை எழுதும் வகையை வாங்குங்கள். வருடத்துக்குப் பத்துச் சிறு புத்தகங்கள். 401 முதல் 410 வரை நான்காம் கிரேடு என்று எண்ணிலேயே தெரியும். பொதுப் பள்ளிப் பாடத்தைவிட அது சற்று முன்னால் போவதால் டெஸ்ட் செய்யாமல் 401-ஐ ஆர்டர் செய்யாதீர்கள்.

எழுத்துக்கு முதல் கிரேடு அளவே சரி. தினமும் ஒரு சங்கீத வசனத்தை அழகாகப் பார்த்து எழுதட்டும், இரண்டே வரி. கதை சொல்ல ஆசைப்பட்டால் அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். சரித்திரத்தில் வயதுக்கு மேற்பட்ட புத்தகம் வேண்டாம். அவனுக்கு வாசிக்க முடியும், ஆனால் இரத்தசாட்சிகளின் மரணமும் அடிமை வியாபாரமும் விவரமாக வரும் பக்கங்களை ஏழு வயதில் தாங்க முடியாது.

பின்னாளைக்கு ஒன்று குறித்துவையுங்கள்: கிறிஸ்தவ அறிவியல் புத்தக வரிசையான அப்போலோஜியாவின் வேதியியலுக்கு அல்ஜீப்ரா 1 முடித்திருக்க வேண்டும். கணக்கில் வேகமாகப் போகும் பிள்ளைக்கு அந்தக் கதவு சீக்கிரம் திறக்கும்.

கேள்வி: நாங்கள் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பம். தோழி ஒருவர் அபேக்கா, பி.ஜே.யு. புத்தகங்களை இலவசமாகத் தருகிறேன் என்கிறார். ‘எல்லாம் கிறிஸ்தவப் புத்தகம்தானே’ என்கிறார். மகள் அடுத்த வருடம் ஹைஸ்கூல். – சான் ஹோசே, கலிஃபோர்னியா

பதில்: எல்லாம் ஒன்றல்ல. அபேக்கா ஃப்ளோரிடாவின் பென்சகோலாவிலிருந்து, பி.ஜே.யு. பிரஸ் தென் கரோலினாவின் கிரீன்வில்லில் இருக்கும் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வருகின்றன. இரண்டும் அடிப்படைவாத புராட்டஸ்டன்ட் மரபு. கணக்கிலும் இலக்கணத்திலும் உங்களுக்குத் தொந்தரவு இருக்காது. சரித்திரப் புத்தகத்தில் திருச்சபைச் சீர்திருத்தம், போப்பாண்டவர், மிஷனரி இயக்கம் பற்றிய அத்தியாயங்களை நீங்கள் முதலில் படியுங்கள். ராட் அண்ட் ஸ்டாஃப், கிறிஸ்டியன் லைட் இரண்டும் மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவாரின் வெளியீடுகள். போருக்குப் போவதில்லை, பெண்கள் முக்காடு என்ற அவர்களின் வழக்கம் கதைகளில் இயல்பாக வரும். அந்த இங்கிலீஷ் இலக்கணப் புத்தகங்கள் மிக நன்றாக இருக்கும், எந்தச் சபையாரும் பயன்படுத்தலாம். கத்தோலிக்க முறையில்தான் வேண்டும் என்றால் வர்ஜீனியாவின் ஃப்ரன்ட் ராயலில் செட்டன் என்ற வீட்டுக் கல்வி நிறுவனம் இருக்கிறது. எழுத்து வேலை அதிகம், ஆனால் பாடத்துக்குப் பாடம் வேறு வேறு கிரேடில் சேர்க்கலாம்.

ஹைஸ்கூல் உயிரியலுக்கு மட்டும் யோசித்துச் செய்யுங்கள். அபேக்கா, பி.ஜே.யு., அப்போலோஜியா மூன்றும் பூமிக்குச் சில ஆயிரம் வருட வயது என்ற நிலைப்பாட்டில் எழுதப்பட்டவை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் இந்த வகைப் புத்தகங்களை மட்டும் வைத்து நடத்திய சில பாடங்களைச் சேர்க்கைக்கு ஏற்க மறுத்தது. கிறிஸ்தவப் பள்ளிகள் தொடுத்த வழக்கில் 2008-ல் மத்திய மாவட்ட நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது, 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தைக் குறிவைக்கும் மகள், அறிவியலைக் கம்யூனிட்டி காலேஜில் பாடமாக எடுத்துவிடுவது பாதுகாப்பு. படைப்பைப் பற்றி உங்கள் சபை என்ன போதிக்கிறதோ அதை வீட்டில் பேசிக்கொள்ளலாம்.

கேள்வி: மகனுக்குப் பன்னிரண்டு வயது. ஏ.சி.ஈ. டயக்னாஸ்டிக் டெஸ்டில் இங்கிலீஷ் ஏழாம் லெவல், கணக்கு 1049-இலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். இரண்டு வருடம் பின்தங்கிவிட்டானா? பத்தாம் வகுப்பு எப்படி எழுதுவான்? – கோயம்புத்தூர்

பதில்: பேஸ் எண்ணைப் புரிந்துகொண்டால் பாதிக் கவலை போய்விடும். ஒரு பாடத்துக்கு வருடத்துக்குப் பன்னிரண்டு பேஸ். முதல் லெவல் 1001 முதல் 1012 வரை, ஐந்தாம் லெவல் 1049 முதல் 1060 வரை, ஏழாம் லெவல் 1073-ல் தொடங்குகிறது. ஆக மகன் கணக்கில் இரண்டு லெவல் கீழே. ஆனால் டயக்னாஸ்டிக் தாளை மறுபடி எடுத்துப் பாருங்கள். 1049-இலிருந்து எல்லாவற்றையும் செய்யச் சொல்கிறதா, இடையிடையே சில எண்களை மட்டும் இடைவெளி என்று காட்டுகிறதா? பெரும்பாலும் நாலைந்து எண்கள்தான் ஓட்டையாக இருக்கும். அவற்றை மட்டும் வாங்கி முடித்துவிட்டு 1073-க்குப் போகலாம். உண்மையிலேயே முழுதும் செய்ய வேண்டியிருந்தால், ஏழாம் லெவல் முடிய, 1049 முதல் 1084 வரை முப்பத்தாறு பேஸ். மூன்று வாரத்துக்கு ஒன்று என்ற வழக்கமான வேகத்தில் (பள்ளி வருடத்துக்கு முப்பத்தாறு வாரம்) மூன்று பள்ளி வருடம். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றால் இரண்டு பள்ளி வருடம். இந்த வேகத்தைக் கணக்கில் மட்டும் வையுங்கள், அந்த நேரத்துக்காக வேறொரு பாடத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறையில் கெட்டுப்போகும் இடம் ஸ்கோர் கீ எனும் விடைப் புத்தகம். பிள்ளை தானே திருத்தும்போது, தவறைத் திருத்துவதற்குப் பதில் விடையைப் பார்த்து எழுதப் பழகிவிடும். இடையில் வரும் செக்-அப்பில் நூறு, கடைசி பேஸ் டெஸ்டில் அறுபது என்று வந்தால் அதுதான் நடக்கிறது. டெஸ்டில் எண்பதுக்குக் கீழே போனால் அந்த பேஸை மறுபடி செய்ய வேண்டும் என்ற விதியைத் தளர்த்தாதீர்கள். ஸ்கோர் கீ உங்கள் மேசையில் இருக்கட்டும், எழுந்து வந்து, பென்சிலை வைத்துவிட்டு, உங்கள் கண்முன் திருத்தட்டும்.

பத்தாம் வகுப்புக்கு தேசியத் திறந்தநிலைப் பள்ளி, என்.ஐ.ஓ.எஸ்., நேரான வழி. பதினான்கு வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும், தமிழும் எடுக்கலாம். பொதுத் தேர்வு வருடத்துக்கு இருமுறை, ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர். கணக்குக் கட்டாயமில்லை. ஆனால் பன்னிரண்டாவதில் கணக்கு, பொறியியல் என்ற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் விடாதீர்கள். பேஸில் பெரும்பகுதி கோடிட்ட இடம் நிரப்புவதும் ஒற்றை வரி விடையும். என்.ஐ.ஓ.எஸ்.-ல் பத்தி பத்தியாக விடை எழுத வேண்டும். எனவே பதின்மூன்றாவது வயதிலிருந்து வாரம் இரண்டு நாள், அறிவியலிலும் சமூக அறிவியலிலும் ஒவ்வொரு கேள்விக்கு அரைப் பக்கம் விடை எழுதப் பழக்குங்கள்.

கல்வி உரிமைச் சட்டம் குறுக்கே வருமா என்று பலர் கேட்கிறார்கள். வீட்டுக் கல்வியை விரும்பி நடத்தும் பெற்றோர் தொடரலாம், சட்டம் அதைத் தடுக்கவில்லை என்று 2012-ல் மத்திய அரசு டெல்லி உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது.

கேள்வி: ஆறு, எட்டு, பதினொன்று என்று மூன்று பிள்ளைகள். ஆளுக்கு ஒரு செட் வாங்கப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. – அட்லாண்டா

பதில்: வேதபாடம், சரித்திரம், அறிவியல் மூன்றையும் மூவருக்கும் சேர்த்து ஒரே புத்தகத்தில் நடத்துங்கள். கணக்கு, இங்கிலீஷ் மட்டும் ஆளுக்குத் தனி. அப்போலோஜியாவின் சிறுவர் அறிவியல் வரிசை ஆறாம் கிரேடு வரை எந்த வயதுக்கும் பொருந்தும், குறிப்பேடு மட்டும் சிறியவர்களுக்கு வேறு. ஆம்பிள்சைடு ஆன்லைன், ஈஸி பீஸி என்ற இணையப் பாடத்திட்டங்கள் இரண்டும் இலவசம். முதலாவதில் மொழிநடை கடினம், அதில் ‘மூன்றாம் ஆண்டு’ என்பதை மூன்றாம் கிரேடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜார்ஜியாவில் வருடத்துக்கு 180 நாள், நாளைக்கு நாலரை மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். வாசித்துக் காட்டுவது, சமையலறையில் அளந்து பார்ப்பது எல்லாம் இதில் அடங்கும், பயப்பட வேண்டாம்.

கேள்வி: பழைய புத்தகம் வாங்கலாமா? – ஹூஸ்டன்

பதில்: தாராளமாக. ஆனால் மாணவர் புத்தகம், ஆசிரியர் புத்தகம், டெஸ்ட், விடைப் புத்தகம் நான்கும் ஒரே பதிப்பா என்று பாருங்கள். பதிப்பு மாறினால் கணக்கின் வரிசை எண்ணும் பக்க எண்ணும் ஒத்துவராது. சாக்சன் அல்ஜீப்ராவில் இது வெறும் பக்கச் சிக்கலோடு நிற்காது: மூன்றாம் பதிப்பில் வடிவியல் உள்ளேயே கலந்திருக்கிறது, நான்காம் பதிப்பில் அதைப் பிரித்துத் தனிப் புத்தகமாக்கிவிட்டார்கள். பதிப்பைக் கவனிக்காமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் பிள்ளைக்கு வடிவியலில் பாதி விட்டுப்போகும். ஒர்க்புக்கில் பென்சிலால் எழுதியிருந்தால் அழித்துவிடலாம் என்று விற்பவர் சொல்வார். முதல் பத்துப் பக்கத்தின் புகைப்படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்.